அந்தோனியாரும் அத்தாயியும் பாத்துக்கிட்ட கடை

சேலம்
28-5-1959

அன்புள்ள அத்தைக்கு,

ராயப்பன் எழுதறது. இங்க எல்லாரும் சொகம்.

நல்ல சேதி ஒண்ணு. எங்க பஸ் கம்பெனியில சேலத்துல இருந்து கெளம்பற மொத வண்டி, வர்ற ஜூன் ஒண்ணாந் தேதியில இருந்து பரமத்தி வேலூர்ல உங்க இட்லிக் கடை முன்னால பத்து நிமிசம் நிக்கும். வெடியால ஆறு மணிக்கு வரும். ஆகஸ்ட் பதினஞ்சு வரைக்கும் வெள்ளோட்டம். அது வரைக்கும் கடை தவறாம இருந்தா நிரந்தரமா எழுதிக் குடுத்துருவாங்க. இல்லீன்னா வண்டி அந்தக் கோடியில இருக்கற காப்பி கிளப்புக்குப் போயிரும். மானேஜர் சரவணமுத்து அய்யாகிட்ட நான்தான் பொறுப்புன்னு சொல்லி வாங்கியிருக்கறேன். நான் வண்டி வர்ற நேரம் போற நேரம் எழுதற டைம் கீப்பர். என்ற பேச்சே நேரந் தவறுச்சுன்னா ஆபீசுல சிரிப்பாங்க.

அத்தை, கோவிச்சுக்காதீங்க. மாமா இருந்த வரைக்கும் உங்கள எழுப்பிச் சத்தம் போட ஆள் இருந்துச்சு. இப்ப நீங்களே மொதலாளி, நீங்களே வேலைக்காரி. மொதலாளி லீவு குடுத்தா வேலைக்காரி வேண்டாங்கறாளா? அதனால ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம எனக்கு எழுதோணும். என்னைக்குக் கடை தொறக்கல, ஏன் தொறக்கல. ரெண்டே வரி போதும்.

வண்டி நிக்காமப் போனா கடைய மூடிப்போட்டு அயோத்தியாப்பட்டணத்துல எங்களோட வந்து இருந்துக்கச் சொல்றாரு அப்பா. அம்மா பின்கட்டு அறைக்கு இப்பவே வெள்ளையடிக்கச் சொல்லிட்டாங்க.

இப்படிக்கு,
ராயப்பன்


சேசு மரி சூசை துணை

பரமத்தி வேலூர்
14-6-1959

என்ற தங்கம் ராயப்பனுக்கு,

அத்தை சகாயம்மா எழுதிக்கறது. உனக்கும், உங்கப்பனுக்கும், மாசமா இருக்கற உன்ற ஊட்டுக்காரிக்கும் தேவமாதா ஒரு கொறையும் வெக்க மாட்டா. உங்கம்மாளுக்கும் வெக்க மாட்டா.

வண்டி வந்துச்சு சாமி! மொத நாளு நான் கோழி கூவறதுக்கு முந்தி எந்திரிச்சுட்டேன். சனமெல்லாம் திமுதிமுன்னு எறங்கி வந்து உக்காந்தாங்க. ஒரு வாத்தியாரு மூணாந்தரம் சட்டினி கேட்டாரு. ஏனுங்க வாத்தியாரே எந்த ஊருன்னு கேட்டேன், மோகனூராம். அங்க உங்க மாமாவோட கூட்டாளி ஒருத்தரு இருந்தாரு, அவரத் தெரியுமான்னு கேட்டேன், அவரோட மச்சினனாம்! பேச்சு முடியறதுக்குள்ள டிரைவரு செங்கோடன் ஆரனை அமுத்தோ அமுத்துன்னு அமுத்தறான். மனுசங்க பேசறது புடிக்காது போலிருக்குது அவனுக்கு.

இப்ப நீ கேட்டதச் சொல்லிப்போடறேன். மொத வாரமே செவ்வாக்கெழம பழனியம்மா மாமியா செத்துப்போச்சு. எழவு ஊட்டுக்குப் போகாம நான் இட்லி ஊத்திக்கிட்டிருந்தா நாளைக்கு என்ற எழவுக்கு ஆரு வருவா? மக்யா நாள் புதங்கெழம அந்த அசதியில கண்ணசந்துட்டேன். அது எழவோட சேர்ந்தது, தனியாக் கணக்கு வெக்காத. வெள்ளிக்கெழம இருதய ஆண்டவர் திருநா. அன்னைக்குக் கடை மூடலே. கதவு தொறந்துதான் இருந்துச்சு, அடுப்புத்தான் பத்த வெக்கல. செபம் பண்ணிக்கிட்டிருந்தேன். நேத்து அந்தோனியார் திருநா. அவரு திருநாளைக்கும் வேவாரம் பண்ணினா அவரு என்ன நெனப்பாரு? நாமக்கல்லுக்குப் பூசைக்குப் போனேன். உங்க கம்பெனி வண்டியிலதான் டிக்கெட்டு எடுத்துப் போனேன், அது உங்களுக்கு லாபந்தானே. போற வழியில எதுக்க உன்ற மொத வண்டி வந்துச்சு. செங்கோடனுக்குக் கையாட்டினேன். அவன் ஆட்டல.

மத்த நாளெல்லாம் தொறந்துதான் இருந்தேன்.

உங்கம்மாகிட்டச் சொல்லு, அந்த அறைக்குச் சுண்ணாம்ப வீணாக்க வேண்டாம். உங்கம்மா எனக்கு நங்கையா முறை, நல்லவதான். ஆனா அவ சோறு போட்டா கூடவே எத்தனை கரண்டின்னு வாய்க்குள்ள சொல்லிக்குவா. நான் இட்லிச் சட்டி முன்னால செத்தாலும் சாவனே தவிர அங்க வர மாட்டேன்.

அத்தை சகாயம்மா


சேலம்
17-6-1959

அத்தைக்கு,

ரெண்டு வரி கேட்டேன், ரெண்டு பக்கம் வந்துச்சு.

செங்கோடன் எல்லாத்தையும் மானேஜர்கிட்டச் சொல்லிட்டான். கடை பூட்டிக் கெடந்ததச் சொன்னான், வண்டியில வந்தவங்க பொரிகடலை வாங்கித் தின்னதச் சொன்னான், நீங்க கையாட்டினதையும் சொன்னான். தொறந்திருந்த நாள்லயும் உங்க பேச்சுல வண்டி லேட்டாக் கெளம்புதாம்.

உங்களுக்கு மேல ஒரு ஆள் இல்லாததுதான் கொறை. எங்க ஆபீசுல மானேஜர் இல்லாத நாளும் அவரு நாக்காலியப் பாத்தாலே எங்களுக்கு வேலை ஓடும். அப்படி யாரையாச்சும் மொதலாளியா மனசுல வெச்சுக்குங்க. நீங்க பயந்து மருவாதி குடுக்கற ஆளா இருக்கோணும். கடை சாத்தறப்ப தெனமும் அவருக்குப் பதில் சொல்லோணும்.

ராயப்பன்


சேசு மரி சூசை துணை

பரமத்தி வேலூர்
30-6-1959

என்ற கண்ணு ராயப்பனுக்கு,

உன்ற ரோசனை எங்கயோ போயிருச்சு சாமி! மொதலாளி வந்துட்டாரு.

உங்க மாமா உக்காந்திருந்த நாக்காலியக் கழுவித் தொடச்சு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால போட்டு, ஊட்டுக்குள்ள இருந்த அந்தோனியார் சுரூபத்தைக் கொண்டாந்து அதுல வெச்சிட்டேன். குட்டையாத் தெரிஞ்சாரு. அடியில ஒரு அரிசிப் படிய வெச்சு ஒசத்தினேன். இப்பக் கடைக்கே ஒரு களை வந்திருக்குது. செங்கோடன் கூட உள்ள வாரப்ப, "கும்பிடறனுங்க மொதலாளி"ன்னு துண்டை எடுத்துப்போட்டுத்தான் வாரான். கண்ணு மங்கின பெரியவரு ஒருத்தரு விளக்கு வெளிச்சத்துல அவரப் பாத்து, "ஏனுங்க, ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு, தண்ணி குடுக்கறதுக்கு இத்தனை கிராக்கிங்களா?"ன்னு சண்டைக்கே போயிட்டாரு.

நீ சொன்னாப்பல பொழுதானா அவரு முன்னால நின்னு பதில் சொல்றேன். "அந்தோனியாரே, இன்னைக்கு நேரங்கழிச்சு எந்திரிச்சேன், தூறலா இருந்துச்சு, போர்வைய எடுக்க மனசு வரல"ன்னேன். அவரு மொகத்தைப் பாத்தேன். கொழந்த சேசுவக் கையில வெச்சுக்கிட்டு, சரி போ, அதனாலென்னங்கறாப்பல சிரிச்சாரு. மக்யா நாளு, "சரசுவதி அக்கா ஊட்டு நோம்பிக்குப் போயிட்டு வந்து அசந்துட்டேன்"னேன். அதுக்கும் அதே சிரிப்பு. இந்த மாதிரி ஒரு மொதலாளி ஆருக்குக் கெடைப்பாரு சொல்லு? உங்க மாமா ஆயுசுல ஒரு நா இப்படிச் சிரிச்சதில்ல.

நேத்துக் கடை இல்ல. ராயப்பர் சின்னப்பர் திருநா. உன்ற பேரு கொண்ட அர்ச்சியசிஷ்டரு, அதனால நீ ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்னு தெரியும். ஆனாலும் மொதலாளியக் கேக்காமப் போகல. கேட்டேன். ராயப்பர் மோட்ச வாசச் சாவிய வெச்சிருக்கறவராச்சே, அவரு திருநாளுக்கு இவரு எப்படி வேண்டாம்பாரு?

உங்கம்மா சொகமா? வெள்ளையடிச்சாச்சா?

அத்தை சகாயம்மா


சேலம்
2-7-1959

அத்தைக்கு,

மானேஜர் என்னைய நிக்க வெச்சுக் கேட்டாரு. இனி ஒரே ஒரு நாள் கடை தொறக்காம இருந்தாலும் அன்னையோட சரி, மறு நாளு வண்டி காப்பி கிளப்புக்குப் போயிரும்னு சொல்லிட்டாரு. இது என்ற பேச்சு இல்ல, அவரு பேச்சு.

அந்தோனியார் மேல எனக்கும் பக்தி உண்டு. ஆனா அவருக்கு மன்னிக்கத்தான் தெரியும். உங்களுக்கு மன்னிக்காத ஆளு வேணும். நான் வர்ற ஞாயித்துக்கெழம வேலூர் வாரேன். நானே ஒரு ஆளு பாத்து ஏற்பாடு பண்றேன்.

ராயப்பன்


சேசு மரி சூசை துணை

பரமத்தி வேலூர்
12-7-1959

ராயப்பனுக்கு,

தங்கமும் இல்ல, கண்ணும் இல்ல. என்ற ஊட்டுல சோறு தின்னுபோட்டு, கை ஈரம் காயறதுக்குள்ள ரோட்டைத் தாண்டிப் போயி அந்த அத்தாயிகிட்டப் பேசினயே, உனக்கு மனசு எப்படி வந்துச்சு? ஊருல வேற ஆளே கெடைக்கலயா? எதுத்தாப்பல தயிர் வித்துக்கிட்டு உக்காந்திருந்தா போதுமா?

ரெண்டு வருசமா நானும் அவளும் பேசறதில்லீன்னு உனக்குத் தெரியாதா? தெரியாதுன்னாக் கேட்டுக்க. குருத்து ஞாயித்துக்கெழம சாமியார் மந்திரிச்சுக் குடுத்த குருத்தோலைய வாசக்கால்ல சொருகி வெச்சிருந்தேன். அவ கெடா வந்து அதைய முழுசாத் தின்னுபோட்டுது. நான் திட்டினனா? அடிச்சனா? மந்திரிச்ச ஓலையத் தின்ன கெடாவ அறுத்தாப் பாவம்னு சொன்னேன், அவ்வளவுதான். கறிக்கடைக்காரன்கிட்டச் சொன்னேன். சந்தையில ஒரு நாலு பேருகிட்டச் சொன்னேன். ஒருத்தனும் அதைய வாங்க மாட்டேன்னுட்டான். இப்ப அது கன்னுக்குட்டியாட்டம் வளந்து நிக்குது. போறவங்க வாரவங்க அதுக்குப் பொரி வெச்சுக் கும்பிடறாங்க. தீனி போட்டு மாளலீன்னு அவளுக்கு என்ற மேல கோவம். வேதத்துல இருக்கறதத்தானே சொன்னேன்? எந்த எடத்துலன்னு கேக்காத.

அவ எப்படிக் கண்காணிக்கறான்னு உனக்குத் தெரியோணுமே. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கறாளா? இல்ல. இருட்டோட வந்து எதுக்க உக்காந்துக்கறா. என்ற கதவைப் பாக்கறா. பொறவு வானத்தைப் பாக்கறா. பொறவு வெத்தலை எச்சியத் துப்பறா. அவ்வளவேதான். அந்தச் சத்தம் காதுல விழுந்ததுக்கு அப்பறம் பாயில முள்ளு மொளச்சாப்பல இருக்குது, படுக்க முடியறதில்ல.

செவ்வாக்கெழம எனக்குக் காய்ச்சல். நெசமான காய்ச்சல். அந்தோனியார்கிட்டச் சொன்னேன், படுத்துக்கங்கறாப்பலதான் இருந்தாரு. சன்னல் வழியாப் பாத்தா அவ கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கறா, மொகத்துல ஒரு தீவாளி. ஏண்டி, நான் படுத்தா உனக்குக் கொண்டாட்டமான்னு கம்பளியப் போத்திக்கிட்டு எந்திரிச்சு அடுப்பைப் பத்த வெச்சேன். பஸ்ஸு போறதுக்குள்ள வேர்த்து விறுவிறுத்துக் காய்ச்சலே எறங்கிருச்சு.

இந்த வாரம் ஒரு நாளும் தவறல. அதுக்காக உன்னைய விட்டுருவேன்னு நெனைக்காத. அடுத்த பாவசங்கீர்த்தனத்துல என்ற கோவத்தைச் சொல்றப்ப, சாமியார்கிட்ட உன்ற பேரையுஞ் சேத்துத்தான் சொல்லுவேன்.

சகாயம்மா


சேலம்
29-7-1959

அன்புள்ள அத்தைக்கு,

அன்னம்மாள் திருநாளன்னைக்கே பொண்ணு பொறந்திருக்கறா. தாயும் புள்ளையும் நல்லா இருக்கறாங்க. மூக்கு உங்க மூக்குன்னு அப்பா சொல்றாரு. அன்னாள்னு பேரு வெக்கறோம்.

ஆகஸ்ட் ஒம்பதாந் தேதி ஞாயித்துக்கெழம காலைப் பூசைக்கு அப்பறம் ஞானஸ்நானம். நீங்கதான் ஞானத்தாய். இதுல எங்க ஊட்டுல ரெண்டு பேச்சு இல்ல, அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. சனிக்கெழம சாயங்காலமே வந்துருங்க. கடை ஒரே ஒரு நாள் தானே, போனாப் போகுது. செங்கோடன்கிட்ட எதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கறேன்.

ராயப்பன்


சேசு மரி சூசை துணை

பரமத்தி வேலூர்
2-8-1959

என்ற தங்கம் ராயப்பனுக்கு,

உன்ற காயிதத்தை அந்தோனியார் முன்னால நாலு தரம் படிச்சேன். செங்கோடன்கிட்ட ஒரு தரம் படிச்சுக் காட்டினேன். நாளைக்கு ஆடிப் பதினெட்டு, ஆத்துல புதுத்தண்ணி போகுது, கடையில உக்கார எடமில்லாம சனம். அத்தனை பேருகிட்டயும் எனக்குப் பேத்தி பொறந்திருக்கறான்னு சொல்லியாச்சு. முன்னப் பின்ன தெரியாத ஒருத்தரு கொழந்தைக்குன்னு ஒரு சீப்பு வாழப்பழம் வெச்சுட்டுப் போயிட்டாரு.

ஆனா நான் வர மாட்டேன்.

"ஒரே ஒரு நாள் தானே"ங்கறயே, அது நான் சொல்ற பேச்சாச்சே. நீ டைம் கீப்பராச்சே! உன்ற வாயில அது வரலாமா? செங்கோடன்கிட்டப் பொய் சொல்லி வேற சமாளிக்கறேங்கறே. அன்னைக்கு மானேஜர் உன்னைய நிக்க வெச்சுக் கேட்டது மறந்துபோச்சா?

எனக்குப் புள்ளை இல்லீங்கறது ஊருக்கே தெரியும். அந்தத் தண்ணி ஊத்தறப்பக் கொழந்தையக் கையில ஏந்திக்கிட்டு நிக்கோணும்னு எனக்கு எத்தனை வருசத்து ஆசைன்னு மாதாவுக்குத் தெரியும். ஆனா ஞானத்தாய்ன்னா ஆரு? பட்டுப் பொடவ கட்டிக்கிட்டு நிக்கறவளா? நாளைக்கு அந்தப் புள்ள வழி தப்பிப் போனா, "ஏம்புள்ள, என்ன பண்றே?"ன்னு கேக்கறதுக்கு சர்வேசுரன் வெச்ச ஆளு. ஏத்துக்கிட்டத விட்டுப்போட்டு வந்தவ எந்த மொகத்தோட கேக்கறது? இந்த ஒரு மாசத்துல எனக்கே புத்தி வந்திருக்குது, அதைய நீ கெடுத்துப்போடாத.

எனக்குப் பதிலா நங்கையாளப் புடிச்சுக்கச் சொல்லு. பேரு மட்டும் என்ற பேரா எழுதட்டும். அப்படி ஒரு வழி இருக்குதாம், சாமியாரக் கேளு. நங்கையா கொழந்தையக் கெட்டியாப் புடிச்சுக்குவா. அவ எதையும் கீழ விடமாட்டா.

காயிதம் நனைஞ்சிருந்தா ஒண்ணும் நெனைக்காத. வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே எழுதறேன்.

அத்தை சகாயம்மா


சேலம்
11-8-1959

அன்புள்ள அத்தைக்கு,

வர மாட்டேன்னு எழுதிப்போட்டு, சனிக்கெழம ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு முறுக்குக் கூடையோட வந்து நின்னீங்க. கடையில ஆருன்னு கேட்டா, "பாத்துக்கறவங்க பாத்துக்குவாங்க"ன்னு செபமாலைய எடுத்துக்கிட்டீங்க. அந்தோனியாரத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். கோயில்ல நீங்க கொழந்தையப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறப்பக் கூட, எனக்கு அந்தப் பூட்டின கதவுதான் கண்ணுல நின்னுச்சு. நீங்க ஊருக்குப் போறப்பவும் ஒண்ணுஞ் சொல்லல.

நேத்து மானேஜர் கூப்பிட்டாரு. ஞாயித்துக்கெழம மொத வண்டியில அவரே வேலூருக்குப் போயிருக்கறாரு! அவரு சொன்னது இதுதான்.

"ராயப்பா, உங்கத்தையாட்டம் ஒரு பொம்பளைய நான் பாத்ததில்லப்பா. ரெண்டாந்தரம் சட்டினி கேட்டேன். 'மொத ஊத்தினத நக்கிப்போட்டுக் கேளு'ன்னாங்க. ஒருத்தன் கதை பேச ஆரம்பிச்சான். 'தின்ன வந்தயா, பொண்ணு பாக்க வந்தயா'ன்னாங்க. செங்கோடன் பீடி பத்த வெச்சான், அதைய வாயில இருந்து புடுங்கி அடுப்புல போட்டுட்டாங்க. இந்த ரூட்டு ஆரம்பிச்ச நாள்ல இருந்து வேலூர்ல வண்டி நேரத்துக்கு எடுத்தது நேத்துத்தான்!"

அது எங்க அத்தை இல்லீங்க, அவங்க அத்தாயின்னு சொல்லிட்டேன். பொய் வேண்டாம்னு நீங்க எழுதினதுதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கு அவரு, "இட்லி ஆரு ஊத்தினாலுஞ் சரி, அந்தம்மா கடையில நிக்கோணும். அப்படின்னாப் பதினஞ்சாந் தேதி எழுதிக் குடுத்தர்றேன்"னுட்டாரு.

அத்தை, இது எப்படி நடந்துச்சு? ரெண்டு வரிக்குள்ள வேண்டாம். முழுசா எழுதுங்க.

ராயப்பன்


சேசு மரி சூசை துணை

பரமத்தி வேலூர்
23-8-1959

என்ற தங்கம் ராயப்பனுக்கு,

கம்பெனிக் காயிதம் வந்துச்சு. அந்தோனியார் பின்னால சொவத்துல ஒட்டியாச்சு. நங்கையாகிட்டச் சொல்லு, அந்த அறையில வெங்காயங் கொட்டி வெச்சுக்கட்டும்.

அன்னைக்குச் சனிக்கெழம மத்தியானம் மாவாட்டிக்கிட்டிருந்தேன். நாளைக்குக் காலைப் பூசைக்கு மணியடிப்பாங்க, நங்கையா கொழந்தையப் புடிச்சிருப்பான்னு நெனச்சேன், அழுகை வந்துருச்சு. ஆட்டாங்கல்லுக்கு முன்னால அழுதுக்கிட்டிருக்கறேன், வாசல்ல ஒரு நெழலு. அத்தாயி!

"என்ன, மாவுக்கு உப்புப் பத்தலயா?"ங்கறா.

ரெண்டு வருசத்துல மொத வார்த்தை அதுதான். நான் மூக்கைச் சிந்திக்கிட்டு, ஒண்ணுமில்லேன்னேன்.

"கொழந்தைக்குத் தண்ணி ஊத்தறாங்களாமே. செங்கோடன் சொன்னான். போகலயா?"

"கடைய ஆரு பாக்கறது?"

"இத்தனை நாளு கடைய நீயா பாத்தே? நீ இட்லி ஊத்தினே. கடையப் பாத்தவ நானு. சாவியக் குடுத்துட்டுப் போ."

மாவுக் கைய முந்தானையில தொடச்சேன். சாவியக் குடுத்துட்டேன்.

திரும்பி வந்து பாத்தா, மொதலாளி நாக்காலியோட ஒரு ஓரத்துல இருக்கறாரு. "எந்நேரமும் சிரிச்சுக்கிட்டே இருந்தா எவன் மதிப்பான்? அவரு சாமி, அங்க இருந்து ஆசீர்வாதம் பண்ணட்டும். கல்லாவுல நான் இருந்துக்கறேன்"ங்கறா. இப்பத் தயிரு, மோரு அவளுது, இட்லி என்றது.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனா நீ ஒண்ணு தெரிஞ்சுக்கோணும். மறைக்கக் கூடாதுன்னு எழுதறேன். வியாழக்கெழம வண்டி வந்தப்ப இட்லி வேகல.

கேளு. ரெண்டு வருசத்துப் பேச்சு ரெண்டு பேருக்குள்ளயும் தேங்கிக் கெடந்துச்சு. வெடியால அவ வந்தா. சித்தெ உக்காருன்னேன். அவ மருமக கதைய அவ சொன்னா, நங்கையா கதைய நான் சொன்னேன். முத்தாயம்மா ரெண்டாவது மவன் ஓடிப்போனதுல ஆரம்பிச்சது, எங்க போயி நின்னுச்சுன்னே தெரியல. அடுப்பு அவிஞ்சதையும் பாக்கல, வெளிச்சம் வந்ததையும் பாக்கல. ஆரன் சத்தங் கேட்டு ரெண்டு பேரும், "ஆருடா அது இந்நேரத்துல?"ன்னு திரும்பினா, செங்கோடன்! "ஏனுங்காத்தா, நீங்க ரெண்டு பேரும் சண்டையா இருந்தப்பத்தான் எங்களுக்குச் சோறு கெடச்சுது"ன்னு தலையில அடிச்சுக்கறான். நல்லவேளை, பழையது இருந்துச்சு, அவ மோரு இருந்துச்சு. கரைச்சுக் குடுத்து அனுப்பினோம். மானேஜருக்கு எட்டறதுக்கு முந்தி நீயே சொல்லிப்போடு.

வண்டி போனதும் நான்தான் சொன்னேன், "அத்தாயி, நீ எதுக்க உக்காந்து துப்பினப்ப நான் ஒழுங்கா இருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்தே, கெட்டேன்"னு. அவளும், "ஆமாண்டி, எனக்குங் கண்ணு மறைச்சுருச்சு"ன்னா. ரெண்டு பேரும் ரோசனை பண்ணி, அந்தோனியார் முன்னால கையடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கறோம். மொத வண்டி போற வரைக்கும் எங்களுக்குள்ள சண்டை.

வெள்ளிக்கெழமையில இருந்து அப்படித்தான். இருட்டோட அவ வாரா, என்ற மொகத்தைப் பாக்கறதில்ல. நான் அவ மொகத்தைப் பாக்கறதில்ல. இட்லி வெந்தா கரண்டியால டங்குன்னு தட்டுவேன், அவ டங்குன்னு தட்ட எடுத்து வெப்பா. ஏதோ வெட்டுக்குத்துன்னு நெனச்சுக்கிட்டு வண்டிச்சனம் மூச்சு விடாமத் தின்னுபோட்டு எந்திரிச்சு ஓடறாங்க. பாவம், ஒரு பொம்பளை நேத்துப் போறப்ப என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "கூடப் பொறந்தவங்களா? வுட்டுக்குடுத்துப் போங்க"ன்னு புத்தி சொல்லிட்டுப் போறா.

இன்னைக்கு எழுதறப்ப வண்டி வாசல்லதான் நின்னுச்சு. இப்ப எடுத்துட்டான். பொகை அடங்கல, அதுக்குள்ள கல்லாவுல இருந்து, "ம், அப்பறம்?"ங்கறா.

நேத்து எங்க விட்டமோ தெரியல. அவளுக்கு ஞாபகம் இருக்கும். காயிதத்தை ஒட்டிப்போடறேன்.

அத்தை சகாயம்மா